ஒரே கரு, வேறு மொழி: கையடக்க லினக்ஸ் கருவியில் கைப்பேசி விளையாட்டுகள்

தமிழில் ‘செயலி’ என்னும் சொல் இன்று இரு பொருளில் வழங்குகிறது. கைப்பேசியில் நாம் பதிவிறக்கிக்கொள்ளும் மென்பொருளையும் செயலி என்கிறோம். கணினியின் உள்ளே அமர்ந்து கணக்கிடும் சில்லையும் செயலி என்றும் நுண்செயலி என்றும் சொல்கிறோம். வகுப்பறையில் இது தரும் குழப்பத்தை ஆசிரியர்கள் அறிவர். ஆயினும் நாம் எடுத்துக்கொண்ட பொருளுக்கு அக்குழப்பமே நல்ல வாயிலாக அமைகிறது. கைப்பேசிக்கென எழுதப்பட்ட ஒரு விளையாட்டை வேறொரு கருவியில் இயக்க முற்படும்போது, முதற்பொருளில் வரும் செயலி இரண்டாம் பொருளில் வரும் செயலியின் மொழியில் பேச இயலாமல் நின்றுவிடுகிறது. இனி, மென்பொருளைச் செயலி என்றும் வன்பொருளைச் சில்லு என்றும் பிரித்தே வழங்குவோம்.

நாம் எடுத்துக்காட்டாகக் கொள்ளும் கருவி ஸ்டீம் டெக். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் இதனை 2022 பிப்ரவரி இறுதியில் வெளியிட்டது. இரு கைகளாலும் பிடித்து ஆடத்தக்க அளவு. நடுவே 7 அங்குலத் தொடுதிரை. இரு பக்கமும் பொத்தான்களும் திசைக்கோல்களும். உள்ளே 16 ஜிகாபைட் நினைவகமும் ஏஎம்டி நிறுவனத்தின் சில்லும் உள்ளன. பார்வைக்கு விளையாட்டுப் பொருள்; உண்மையில் இது முழுமையான ஒரு கணினி. இதன் இயங்குதளமாகிய ஸ்டீம்ஓஎஸ், ஆர்ச் லினக்ஸ் என்னும் பொது வெளியீட்டை அடிப்படையாகக் கொண்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் விளையாட்டுத் திரை விலகி, கோப்புகளும் சாளரங்களும் கொண்ட மேசைத்திரை தோன்றும்.

கைப்பேசி விளையாட்டைக் கைப்பேசியிலேயே ஆடலாமே, இத்தகைய முயற்சி எதற்கு என்று மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். பெரிய திரையும் உண்மையான பொத்தான்களும் வேண்டும் என்பது ஒரு விடை. அதனினும் கனமான விடை ஒன்று உண்டு: அந்த விளையாட்டு இன்றைய கைப்பேசியில் இயங்காமற்போயிருக்கலாம். 2022இல் வந்த கூகுளின் பிக்சல் 7 கைப்பேசி, 32-பிட் செயலிகளை இயக்குவதையே கைவிட்டது. 2023இல் வெளிவந்த ஆண்ட்ராய்டு 14, ஆண்ட்ராய்டு 6க்கு முந்திய பதிப்புகளை இலக்காகக் கொண்டு ஆக்கப்பட்ட செயலிகளைப் புதிதாக நிறுவ இடந்தருவதில்லை. இதற்குத் தக்க காரணமும் உண்டு. அனுமதி கேட்கும் முறை கடுமையாவதற்கு முந்திய பழைய இலக்கைக் காட்டித் தீய மென்பொருள்கள் நுழைந்துவந்தன. அக்கதவை அடைத்தபோது, தீங்கற்ற பழைய செயலிகளும் வெளியே நின்றுவிட்டன. பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிக்கென ஆக்கப்பட்டு, அதன்பின் எவராலும் திருத்தப்படாத தமிழ் எழுத்து விளையாட்டு ஒன்று இருக்குமானால், அதன் கதியும் இதுவே.

விரும்பி நீக்கப்பட்டவையும் உள. வியட்நாமைச் சேர்ந்த டாங் நுயென், தாம் 2013இல் வெளியிட்ட ‘ஃபிளாப்பி பேர்ட்’ விளையாட்டை, உலகமே அதனை ஆடிக்கொண்டிருந்த 2014 பிப்ரவரியில் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார். ஒரு நூல் அச்சில் இல்லாமற்போனாலும் நூலகத்தில் ஒரு படி கிடைக்கும். கைப்பேசி விளையாட்டுக்கு அத்தகைய நூலகம் பெரும்பாலும் இல்லை; அது இயங்கும் சூழலைச் சேர்த்துக் காத்தால்தான் விளையாட்டு எஞ்சும். லினக்ஸ் கருவி ஒன்றில் ஆண்ட்ராய்டுச் சூழலை அமைப்பதை நாம் பொழுதுபோக்காக மட்டும் கருதாததன் காரணம் இதுதான்.

கரு ஒன்றே

1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய லினக்ஸ், துல்லியமாகச் சொன்னால், முழு இயங்குதளம் அன்று. அது இயங்குதளத்தின் கரு. நினைவகத்தைப் பங்கிடுவது, சில்லின் நேரத்தை நிரல்களுக்குப் பகிர்வது, திரை, மின்கலம், வலையமைப்பு ஆகியவற்றுடன் பேசுவது போன்றவை கருவின் பணிகள். 2008இல் முதற்கைப்பேசியுடன் வெளிவந்த ஆண்ட்ராய்டு, இந்தக் கருவையே தனக்கும் அடிப்படையாக எடுத்துக்கொண்டது. ஆகவே ஸ்டீம் டெக்கின் அடியில் இருப்பதும் லினக்ஸ். நம் சட்டைப்பையில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் இருப்பதும் லினக்ஸ்.

அவ்வாறாயின் ஆண்ட்ராய்டு செயலி ஏன் நேரே இங்கு இயங்குவதில்லை? கருவுக்கு மேலே ஆண்ட்ராய்டு எழுப்பிய மாளிகை முற்றிலும் வேறானது. வழக்கமான லினக்ஸ் நிரல்கள் சார்ந்திருக்கும் அடிப்படை நிரலகத்துக்குப் பதிலாக ‘பயோனிக்’ என்னும் தனி நிரலகத்தை அது வைத்துக்கொண்டது. திரையில் காட்சிகளை அடுக்குவதற்கு ‘சர்ஃபேஸ்ஃபிளிங்கர்’ என்னும் தன் பணியாளரை அமர்த்தியது. செயலிகளும் இயங்குதளச் சேவைகளும் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்வதற்குப் ‘பைண்டர்’ என்னும் தூதரை உருவாக்கியது. ஜாவா, காட்லின் மொழிகளில் எழுதப்படும் செயலிகள் இடைநிலைக் குறிமுறையாக மாற்றப்பட்டு, ‘ஆர்ட்’ எனப்படும் இயக்கச் சூழலில் ஓடுகின்றன. அதற்கு முன்பிருந்த சூழலுக்கு ‘டால்விக்’ என்று பெயர். அது ஐஸ்லாந்தின் மீன்பிடி ஊரொன்றின் பெயர். மென்பொருளாளருக்கும் ஊர்ப்பெயர் மேல் பற்று இருப்பதை மொழி மாணவர் குறித்துக்கொள்ளலாம்.

இங்கே ஓர் ஒப்பீடு பயன்படும். ஸ்டீம் டெக்கில் பெரும்பாலோர் ஆடுபவை விண்டோஸ் கணினிக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகள். வால்வ் நிறுவனம் 2018இல் வெளியிட்ட ‘புரோட்டான்’ என்னும் இடைமென்பொருள் அவற்றை லினக்ஸில் ஓடச் செய்கிறது. விண்டோஸ் விளையாட்டும் ஸ்டீம் டெக்கும் ஒரே வகைச் சில்லுக்கு உரியவை. இயங்குதளக் கருதான் வேறு. ஆதலால் விளையாட்டு விண்டோஸிடம் கேட்கும் கேள்விகளை லினக்ஸுக்கு ஏற்ற கேள்விகளாக மாற்றிக் கொடுத்தாற்போதும். ஆண்ட்ராய்டு விளையாட்டின் நிலை இதற்கு நேர்மாறானது. கரு ஒன்றே, சில்லின் மொழி வேறு. உறவுமுறையில் அண்மையானவர் ஆண்ட்ராய்டு. ஆனால் அவரை வீட்டுக்கு அழைப்பதே கடினமாக இருக்கிறது.

அழைப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, கைப்பேசி முழுவதையும் மென்பொருளால் நடித்துக் காட்டுவது. ஒரு பொய்யான சில்லு, பொய்யான நினைவகம், பொய்யான திரை ஆகியவற்றை உருவாக்கி, அவற்றின்மேல் ஆண்ட்ராய்டைத் தன் சொந்தக் கருவுடன் ஏற்றுவார்கள். இரண்டாம் வழி, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கும் லினக்ஸ் கருவையே ஆண்ட்ராய்டும் பகிர்ந்துகொள்ளச் செய்து, மற்றவற்றை ஒரு கொள்கலத்தில் வைப்பது.

அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் நமக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். முதல் வழி, நம் வீட்டு வரவேற்பறைக்குள் அடித்தளம், தண்ணீர்க்குழாய், மின்தூக்கி உட்பட இன்னொரு வீட்டைக் கட்டுவது போன்றது. இரண்டாம் வழி, அதே கட்டடத்தில் அடுத்த வீட்டைக் கொடுப்பது. அடித்தளமும் குழாயும் பொது; கதவு தனி; ஒருவர் வீட்டில் நடப்பது மற்றவருக்குத் தெரியாது. லினக்ஸ் கருவில் இத்தகைய தனிக்கதவை அமைக்கும் வசதி நெடுநாளாக உண்டு. ஒரு கொள்கலத்துக்குள் இருக்கும் நிரல், தன் கோப்புகளையும் தன் வலையமைப்பையும் தன்னோடு ஓடும் நிரல்களையும் மட்டுமே காணும். அதுவே உலகம் என்று எண்ணும்.

2021இல் வெளிவந்த ‘வேட்ராய்டு’ இந்த இரண்டாம் வழியைப் பின்பற்றுகிறது. அதற்கு முன்னோடியாக 2017இல் ‘ஆன்பாக்ஸ்’ என்னும் திட்டம் இருந்தது. தன்னார்வலர்கள் பேணிவரும் ‘லினேஜ்ஓஎஸ்’ என்னும் ஆண்ட்ராய்டு வடிவத்தின் படிமம் ஒன்றை வேட்ராய்டு எடுத்துக் கொள்கலத்துள் ஏற்றுகிறது. அது நெடுங்காலமாக வழங்கிவந்த படிமம் ஆண்ட்ராய்டு 11ஐ அடிப்படையாகக் கொண்டது. ஆண்ட்ராய்டு 14 புறந்தள்ளும் பழைய செயலிகளுக்கு இங்கு இடம் இருப்பதன் காரணம் அதுவே.

அடுத்த வீட்டுக்காரர் குடிவருவதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, பைண்டர் என்னும் தூதர் கருவிலேயே இருத்தல். லினக்ஸின் பொது மூலநிரலில் அவர் உள்ளார். ஆனால் ஒவ்வொரு வெளியீட்டாளரும் கருவைத் தொகுக்கும்போது அவரைச் சேர்க்கவோ விடவோ செய்யலாம். ஸ்டீம் டெக்கின் தொடக்கப் பதிப்புகளில் அவர் சேர்க்கப்படவில்லை. ஆர்வலர்கள் அப்பகுதியைத் தனிக்கூறாகத் தொகுத்துச் சேர்த்தே வேட்ராய்டை ஓடச் செய்தனர். மற்றொன்று, ‘வேலண்ட்’ எனப்படும் புதிய காட்சிமுறை. வேட்ராய்டு தன் பெயரின் முற்பாதியை அதிலிருந்தே பெற்றது. பழைய காட்சிமுறையில் ஓடும் மேசைத்திரையாக இருந்தால், ஒரே ஒரு செயலியை முழுத்திரையில் காட்டும் சிறிய வேலண்ட் மேலாளர் ஒன்றை இடையில் வைப்பர்.

இவற்றையெல்லாம் செய்து முடித்தபின் ஒரு தொல்லை காத்திருக்கிறது. ஸ்டீம்ஓஎஸ் தன் அமைப்புக் கோப்புகளைப் படிப்பதற்கு மட்டுமே திறந்துவைக்கும், எழுதவிடாது. அமைப்பின் இரு படிகளை வைத்துக்கொண்டு, புதுப்பிப்பு வரும்போது ஓடாத படியில் புதியதை முழுமையாக எழுதி, அடுத்த முறை அதிலிருந்து எழும். இதனால் பாதியில் மின்சாரம் நின்றாலும் கருவி கெடுவதில்லை; மிக நல்ல ஏற்பாடு. ஆனால் நாம் பூட்டைத் திறந்து சேர்த்த கூறுகள் பழைய படியோடு போய்விடும். பயனரின் சொந்தக் கோப்புறையில் உள்ளவை மட்டும் நிலைக்கும். ஆகவே நிறுவுவதற்குரிய கட்டளைத் தொகுப்பையும் விளையாட்டுக் கோப்புகளையும் அக்கோப்புறையிலேயே வைத்திருப்பதுதான் தக்கது. புதுப்பிப்புக்குப் பின் ஆண்ட்ராய்டு எழவில்லை என்று வருந்துவோரில் பலருக்கு நேர்ந்தது இவ்வளவுதான்.

சில்லின் மொழி

இனி மொழி ஆசிரியர்களுக்கு மிக நெருங்கிய பகுதிக்கு வருவோம். ஏறத்தாழ எல்லாக் கைப்பேசிகளிலும் உள்ள சில்லுகள் ஆர்ம் என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. அக்குடும்பத்தின் முதற்சில்லு 1985இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உருவாயிற்று. ஸ்டீம் டெக்கில் உள்ள சில்லோ, 1978இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 8086இன் வழிவந்த எக்ஸ்86 குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் கூட்டும், கழிக்கும், ஒப்பிடும். ஆனால் அதற்கான கட்டளைகளை வேறு வேறு எண்களால் எழுதிக்கொள்ளும். ஒன்றின் கட்டளையை மற்றொன்றிடம் நேரே கொடுத்தால் அது பொருளற்ற ஒலிக்கூட்டமாகவே படும்.

எளிய செயலிகளுக்கு இதனால் இடரில்லை. முன்னே சொன்ன இடைநிலைக் குறிமுறை எந்தச் சில்லுக்கும் உரியதன்று. ஆர்ட் சூழல் அதனை அந்தந்தச் சில்லின் மொழிக்கு மாற்றிக்கொள்ளும். விளையாட்டுகள்தாம் வேறு வகை. நொடிக்கு 60 முறை திரையை வரைய வேண்டியிருப்பதால், அவற்றின் உள்ளகத்தை சி++ போன்ற மொழிகளில் எழுதி, நேரே ஆர்ம் கட்டளைகளாகத் தொகுத்துவிடுகிறார்கள். யூனிட்டி போன்ற விளையாட்டு இயந்திரங்களால் ஆக்கப்படுபவையும் பெரும்பாலும் இவ்வாறே வெளிவருகின்றன. எக்ஸ்86 வடிவத்தையும் சேர்த்துத் தரும் உருவாக்குநர் சிலரே. கைப்பேசிச் சந்தையில் அதனை வாங்குவார் இல்லை.

எனவே ஒரு மொழிபெயர்ப்பாளர் தேவை. இன்டெல் உருவாக்கிய ‘ஹூடினி’, கூகுளின் ‘என்டிகே’ மொழிமாற்றி ஆகிய இரண்டும் இப்பணிக்குப் பயன்படுகின்றன. இவை வேட்ராய்டின் இயல்பான படிமத்தில் இல்லை. பயனர் தனியே சேர்க்கிறார். இவற்றின் வேலை நூல் மொழிபெயர்ப்பைவிட மேடை மொழிபெயர்ப்பை ஒத்தது. விளையாட்டு ஓடும்போதே, அடுத்து வரும் ஆர்ம் கட்டளைத் துண்டை எடுத்து எக்ஸ்86 கட்டளைகளாக மாற்றி இயக்கும். மாற்றியதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதே துண்டு மீண்டும் வந்தால் மறுபடி மொழிபெயர்க்காது. ஒரு விளையாட்டு தொடங்கும்போது தடுமாறிப் பின்னர்ச் சீராக ஓடுவதைக் காணும்போது, நாம் காண்பது பெரும்பாலும் இந்த நினைவு நிறைவதைத்தான்.

சொல்லுக்குச் சொல் மாற்றுவதில் என்ன கடினம் என்று தோன்றலாம். தமிழில் ‘நாம்’ என்றால் கேட்பவரும் உள்ளடக்கம். ‘நாங்கள்’ என்றால் அவர் புறம்பு. மலாய்மொழியிலும் ‘கித்தா’, ‘காமி’ என்று இதே பிரிவு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டிற்கும் ஒரே சொல். தமிழிலிருந்து மலாய்க்குச் செல்பவர் சொல்லை நேரே மாற்றிவிடலாம். ஆங்கிலத்துக்குச் செல்பவர், யார் உள்ளே யார் வெளியே என்பதை வேறு சொற்களால் குறித்துக்கொண்டே போகவேண்டும். சில்லுகளிலும் இதுபோன்ற பொருந்தாமைகள் உள்ளன. 64-பிட் ஆர்ம் சில்லு, கணக்கின் நடுவே எண்களை வைத்துக்கொள்ள 31 பொதுப் பதிவகங்களைக் கொண்டது. எக்ஸ்86இல் 16 மட்டுமே. 31 இழுப்பறைகளில் பரப்பி வைத்ததை 16 இழுப்பறைகளில் அடக்கவேண்டுமானால், மிகுந்தவற்றை வெளியே நினைவகத்தில் வைத்து வேண்டும்போதெல்லாம் எடுத்துவர வேண்டும். ஒவ்வொரு நடையும் நேரமும் மின்சாரமும் ஆகும்.

மின்சாரம் என்பது கையடக்கக் கருவியில் சிறிய செய்தியன்று. முதலில் வந்த ஸ்டீம் டெக்கின் மின்கலம் 40 வாட்-மணி கொண்டது. சில்லு வேலைக்கு ஏற்ப 4 முதல் 15 வாட் வரை உண்ணும். விளையாட்டைப் பொறுத்து 2 முதல் 8 மணி நேரம் ஆடலாம் என்பது நிறுவனத்தின் கணக்கு. கைப்பேசியில் எளிதாக ஓடிய சிறு விளையாட்டு, மொழிபெயர்ப்பாளருடன் இங்கு வரும்போது தன் தகுதிக்கு மிகுதியாகவே உண்ணும். ஆதலால் ஒரு விளையாட்டுக்குக் கணினி வடிவம் இருக்குமானால் அதனையே கொள்ளுதல் நன்று என்பது நம் கருத்து. ‘மான்யுமென்ட் வேலி’ 2014இல் கைப்பேசிக்கு வந்தது; 2022இல் கணினிக்கும் வந்துவிட்டது. அதற்காக ஆண்ட்ராய்டைக் குடியேற்றுவது வீண் உழைப்பு.

இந்தச் சமன்பாடு தலைகீழாகவும் திரும்பலாம். 2025 நவம்பரில் வால்வ் அறிவித்த ‘ஸ்டீம் ஃப்ரேம்’ என்னும் தலையணிக் கருவி, ஸ்டீம்ஓஎஸ் கொண்டது. ஆனால் அதன் சில்லு ஆர்ம். ஆண்ட்ராய்டு செயலிகளுக்கும் அதில் இடம் உண்டு என்று நிறுவனம் கூறியது. அங்கே கைப்பேசி விளையாட்டு தாய்மொழியில் பேசும். கணினி விளையாட்டுகளுக்கே ‘ஃபெக்ஸ்’ என்னும் மொழிபெயர்ப்பாளர் துணை வேண்டியிருக்கிறது.

கைகளும் எழுத்துகளும்

கைப்பேசி விளையாட்டு விரலுக்கென அமைந்தது. ஸ்டீம் டெக்கின் திரை தொடுதலை ஏற்பதால் பெரும்பாலானவற்றை அப்படியே ஆடலாம். விளையாட்டு பொத்தான்களை அறியுமானால் கொள்கலம் அவற்றையும் கொண்டுசேர்க்கும். அறியாதெனில், இந்தப் பொத்தான் திரையின் இந்த இடத்தைத் தொடுவதாகக் கொள்க என்று சொல்லும் ஒரு துணைமென்பொருளை நாட வேண்டும். நிமிர்ந்த திரைக்கென ஆக்கப்பட்ட விளையாட்டுகளைப் படுத்த திரையில் ஆடுவது அழகாயிராது. இருபுறமும் கரிய பட்டைகள் நிற்கும்.

எழுத்துகளைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். தமிழில் எகர, ஏகார, ஐகார உயிர்மெய்களின் குறி, ஒலிப்பில் மெய்க்குப் பின்னதாயினும் எழுத்தில் மெய்க்கு முன்னே நிற்கிறது. ஒகர வரிசையில் இருபுறமும் அணைக்கிறது. யூனிகோடு கோப்பில் மெய் முதலிலும் குறி பின்னரும் பதிவாகும். காட்டும்போது அதனை முன்னே நகர்த்துவது எழுத்தமைப்பு மென்பொருளின் கடமை. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் மேசைத்திரையும் இதற்கு ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் ஒரே திறந்த மூல நிரலகத்தைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ஆண்ட்ராய்டின் வழக்கமான எழுத்துப்பெட்டியில் காட்டப்படும் தமிழ், கொள்கலத்துக்குள்ளும் பிழையின்றியே தோன்றும்.

விளையாட்டு இயந்திரங்கள் பல அப்பெட்டியைப் பயன்படுத்துவதில்லை. எழுத்துகளைப் படங்களாக எடுத்து வரிசையாகத் தாமே ஒட்டிவிடுகின்றன. நகர்த்தும் கடமையை அறியா. அப்போது ‘பெயர்’ என்னும் சொல் திரையில் ‘பயெர்’ என்று நிற்கும். கொம்பு பகரத்தை விட்டு யகரத்தின் முன் போய்விட்டது. தொடக்கநிலை மாணவர் இதனைப் பிழை என்று அறியமாட்டார், அதையே படித்துக்கொள்வார். இக்குறை லினக்ஸ் கருவியால் வந்ததன்று, கைப்பேசியிலும் அவ்வாறே இருந்திருக்கும். பெரிய திரையில் கூடுதலாகக் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. எந்தச் சூழல் மாற்றத்தாலும் அதனைத் திருத்த இயலாது. தமிழ் விளையாட்டைத் தெரிவுசெய்யும் ஆசிரியர், வண்ணங்களையும் இசையையும் பார்ப்பதற்கு முன் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வரும் சொற்களைப் பார்க்கவேண்டும் என்போம்.

நம்பிக்கையின் எல்லை

கருவும் மொழியும் ஒத்துவந்த பின்னரும் சில விளையாட்டுகள் கதவைத் திறப்பதில்லை. தான் ஓடும் கருவி மெய்யானதா, கூகுளின் சான்று பெற்றதா என்று விளையாட்டு கேட்பதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேட்ராய்டின் படிமம் அச்சான்றைப் பெறாதது. பலர் கூடிப் போட்டியிடும் இணைய விளையாட்டுகள் ஏமாற்றுவோரைத் தவிர்க்க இதனைக் கேட்கின்றன. வங்கிச் செயலிகளும் கேட்கின்றன. தனித்து ஆடும் சிறு விளையாட்டுகள் பெரும்பாலும் கேட்பதில்லை. பொய்ச்சான்று காட்டி நுழையும் வழிகளை இங்கு நாம் விளக்கப்போவதில்லை. கணக்கு முடக்கப்படும் ஆபத்து ஒருபுறம். போட்டியின் விதியை மீறுவது மறுபுறம்.

ஆயினும் சான்று என்பதன் எல்லை விரிந்துகொண்டே போகிறது. சிங்கப்பூரில் இதனை நாம் அண்மையிலேயே கண்டோம். கடைக்கு வெளியே இருந்து செயலியை நிறுவச் செய்து, குறுஞ்செய்திகளைப் படித்துப் பணத்தைக் கவர்ந்த மோசடிகள் பெருகியதால், 2024 பிப்ரவரியில் கூகுளும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கின. குறுஞ்செய்தி, அறிவிப்பு போன்றவற்றை அணுகும் அனுமதிகளைக் கேட்டு வெளியிலிருந்து வரும் செயலிகள் தடுக்கப்பட்டன. முதியோர் சேமிப்பை இழந்த செய்திகளைப் படித்த எவரும் அதனைக் குறைகூற மாட்டார். பின்னர் 2025 ஆகஸ்டில் கூகுள் மேலும் ஓர் அறிவிப்பை வெளியிட்டது: 2026 செப்டம்பர் முதல் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில், சான்று பெற்ற ஆண்ட்ராய்டு கருவிகளில் நிறுவப்படும் எந்தச் செயலியும் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட உருவாக்குநருடையதாக இருக்கவேண்டும். எதிர்ப்புகள் எழுந்தபின், இடரை அறிந்து ஏற்போருக்குத் தனிவழி ஒன்று விடப்படும் என்றும் அந்நிறுவனம் கூறியது.

இப்போது உயிரோடிருக்கும் உருவாக்குநர் தம் அடையாளத்தைப் பதிந்துகொள்ளலாம். கலைந்துபோன குழுவின் விளையாட்டுக்கு, மறைந்துபோன ஆசிரியர் தம் மாணவர்க்காக எழுதிய செயலிக்கு யார் கையொப்பமிடுவார்? சான்று பெறாத கொள்கலம் அத்தகைய விதியின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. காவல் இல்லாத இடம் அது என்பதையும் உடனே சொல்லவேண்டும். அங்கே வங்கிக் கணக்கையும் சொந்த மின்னஞ்சலையும் கொண்டுசெல்லாமல், விளையாட்டை மட்டும் வைத்துக்கொள்வது முறை. பெருநிறுவனத்தின் கொடையாக இத்தகைய இடம் கிடைக்குமா என்றால், மைக்ரோசாஃப்ட் 2021இல் விண்டோஸுக்குள் ஆண்ட்ராய்டு செயலிகளுக்கென ஓர் அமைப்பை அறிவித்தது. 2025 மார்ச் 5ஆம் நாளுடன் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது. வேட்ராய்டின் மூலநிரல் பொதுவில் கிடப்பதால், அதனைப் பேணுவோர் விலகினாலும் வேறொருவர் எடுத்து நடத்த இயலும்.

வகுப்பில் இதனைச் செய்துபார்க்க ஸ்டீம் டெக் வேண்டுவதில்லை. ஒரு கணினி போதும். ஆண்ட்ராய்டு செயலி ஏபிகே என்னும் ஈற்றுப்பெயர் கொண்ட ஒரே கோப்பாக வரும். அது உண்மையில் ஒரு சிப் பொதி. உருவாக்குநரே இலவசமாக வழங்கும் செயலி ஒன்றின் படியை எடுத்து, ஈற்றுப்பெயரைச் சிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே உள்ளவை வரிசையாகத் தெரியும். ‘டெக்ஸ்’ என்று முடியும் கோப்பு இடைநிலைக் குறிமுறை. ‘லிப்’ என்னும் கோப்புறை இருந்தால் அதற்குள் சில்லுகளின் பெயரால் உட்கோப்புறைகள் காணப்படும். ஆர்ம் பெயர் மட்டும் இருந்தால் அச்செயலிக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். எக்ஸ்86 பெயரும் இருந்தால் வேண்டாம். ‘லிப்’ கோப்புறையே இல்லையென்றால் அச்செயலி எந்தச் சில்லின் மொழியையும் சாராதது. மாணவர் ஐந்து விளையாட்டுகளையும் ஐந்து அகராதிச் செயலிகளையும் இவ்வாறு திறந்து அட்டவணை இட்டால், மேலே நாம் சொன்னது எத்துணைப் பொருந்துகிறது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.